உப்புக் காற்றுக்கு எந்தச் சின்னக் கமரா? சோனி, ரிக்கோ, பனசோனிக்

காற்சட்டைப் பையிலோ சிறு தோள்பையிலோ அடங்க வேண்டும். கைபேசியில் இருப்பதைவிடப் பெரிய சென்சர், அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லு, வேண்டும். பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, விலை கைக்கு அடங்க வேண்டும். இந்த மூன்று நிபந்தனைகளோடு தேட இறங்கினால் பட்டியல் விரைவிலேயே சுருங்கிவிடும். எனக்கு மூன்று பெயர்கள் மிஞ்சின: சோனி ஆர்எக்ஸ்100 வரிசையில் 2014இல் வந்த மூன்றாம் மாதிரி, 2015இன் ரிக்கோ ஜிஆர் 2, 2013இன் பனசோனிக் ஜிஎம்1. நான் வாங்கியது பனசோனிக். வாங்கியவன் எழுதும் ஒப்பீட்டில் எவ்வளவு நடுநிலையை எதிர்பார்க்கலாமோ அவ்வளவைத்தான் இதிலும் எதிர்பார்க்க வேண்டும்.

விலையைத் தொகையாக எழுதப் போவதில்லை. பழைய கமராவின் விலை விற்பவரின் அவசரத்தைப் பொறுத்தது; வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் கொண்டுவந்தால் ஒரு கணக்கு, கொழும்பில் வாங்கினால் வேறு கணக்கு. நான் தேடிய காலத்தில் ரிக்கோவுக்குத்தான் அதிகம் கேட்டார்கள், அடுத்து சோனி. லென்ஸோடு சேர்த்துப் பனசோனிக் இரண்டுக்கும் கீழே நின்றது.

சென்சர் அளவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சாதாரணச் சின்னக் கமராக்களில் இருப்பது ஏறத்தாழ 28 சதுர மில்லிமீற்றர் பரப்புள்ள சென்சர். சோனியின் ‘ஓர் அங்குல’ சென்சர் 13.2க்கு 8.8 மில்லிமீற்றர், அதாவது 116 சதுர மில்லிமீற்றர். பனசோனிக்கின் ஃபோர் தேர்ட்ஸ் சென்சர் 17.3க்கு 13, ஏறத்தாழ 225. ரிக்கோவின் ஏபிஎஸ்-சி சென்சர் ஏறத்தாழ 370. பகல் வெளிச்சத்தில் எங்கள் திருகோணமலையின் உப்புவெளிக் கடற்கரையில் நின்று எடுத்தால் மூன்றின் படத்தையும் கலந்து வைத்துவிட்டு எது எதனுடையது என்று என்னால் பிரிக்க முடியாது.

சென்சர் பரப்பை மட்டும் பார்த்து இருட்டுக்கு எது நல்லது என்று தீர்ப்புச் சொல்வதும் சரியாகாது. லென்ஸின் துவாரத்தையும், அதாவது ஒளி நுழையும் திறப்பையும், சேர்த்துப் பார்க்க வேண்டும். அதைக் குறிக்கும் எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது. சோனியின் லென்ஸ் அகலக் கோணத்தில் எஃப் 1.8. பனசோனிக்கோடு வழக்கமாக வரும் 12-32 மில்லிமீற்றர் ஸூம் லென்ஸ் எஃப் 3.5தான். கணக்குப் போட்டால், சிறிய சென்சரைக் கொண்ட சோனிதான் ஒரே நேரத்தில் ஏறத்தாழ இரு மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. பெரிய சென்சர் என்று காசு கொடுத்துவிட்டு ஒளியைக் குறைவாக விடும் லென்ஸை மாட்டினால் கிடைப்பது இதுதான். அதே பனசோனிக்கில் எஃப் 1.7 துவாரமுள்ள 20 மில்லிமீற்றர் லென்ஸை மாட்டினால் கணக்குத் தலைகீழாகிறது; இப்போது அது சோனியைவிட இரு மடங்குக்கு மேல் சேர்க்கும். ஆனால் அந்த லென்ஸுக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டும். ஃபோகஸ் பிடிப்பதில் அது கொஞ்சம் சோம்பேறி. பத்திரகாளி அம்மன் கோயில் வீதியில் மாலை விளக்குகளின் கீழ் நடக்கிறவர்களை எடுக்க அது போதும். ஓடுகிற பிள்ளைகளை எடுக்கப் போதாது.

இதுவரை சொன்னதெல்லாம் எந்த ஊரில் வாங்குபவருக்கும் பொருந்தும். திருகோணமலையில் வாங்குபவருக்கு இவற்றையெல்லாம் ஓரமாக வைக்கச் செய்யும் ஒரு காரணம் இருக்கிறது. அது தூசி.

இங்கே ஆண்டின் பாதியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று வறண்டு வீசும். காய்ந்த மண்ணையும் கரை மணலையும் அது எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். மீதிக் காலத்தில் வாடை, மழை, ஈரம். இரண்டு காலத்துக்கும் பொதுவானது உப்பு. நிலாவெளியில் கரைவலை இழுப்பதை எடுக்கப் போனாலும், மூதூருக்குப் படகில் போனாலும், டச்சு வளைகுடாவில் மாலையில் சும்மா நடந்தாலும் கமராவின் மேல் மெல்லிய பிசுபிசுப்பு ஒன்று படிந்துவிடும். உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரமான உப்பு தூசியை ஒட்டவைக்கும்.

சோனியிலும் ரிக்கோவிலும் லென்ஸ் உடலோடு பிணைந்தது, கழற்ற முடியாதது. இயக்கியதும் குழாய் வெளியே நீளும், நிறுத்தியதும் உள்ளே போகும். ஒவ்வொரு முறை நீளும்போதும் உள்ளே இடம் பெருகுகிறது, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே இழுபடுகிறது. கொல்லன் துருத்தி போலத்தான். காற்றோடு வருவது உள்ளேயே தங்கி, ஒரு நாள் சென்சரில் போய் உட்காரும். மணற்துகள் குழாயின் விளிம்பில் சிக்கினால் கதை இன்னும் மோசம்: மோட்டார் தள்ளும், குழாய் நகராது, திரையில் ‘நிறுத்தி மீண்டும் இயக்கவும்’ என்ற செய்தி மட்டும் நிற்கும். நீளும் லென்ஸுள்ள எல்லா நிறுவனங்களின் கமராவுக்கும் இது பொதுவான நோய்.

‘லென்ஸைக் கழற்ற முடியாத கமராவுக்குள் தூசி போகாது’ என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். கமரா வாங்க ஆலோசனை கேட்டால் முதலில் சொல்லப்படுவதும் இதுதான். போகிறது. போனபின் வெளியே எடுக்கத்தான் வழியில்லை. சென்சருக்குப் போக வேண்டுமானால் உடலைத் திறந்து லென்ஸ் தொகுதியையே பிரிக்க வேண்டும். அதைத் துணிந்து செய்யக்கூடியவர்களைத் தேடி நான் கொழும்புக்குத்தான் போக வேண்டியிருந்தது. தரைவழியாகச் சுமார் 260 கிலோமீற்றர். ஒரு நண்பரின் கமராவை எடுத்துக்கொண்டு இரவு ரயிலில் போனேன். பழுதுபார்ப்பவர் புரட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, திறந்து தருவேன். ஆனால் மூடிய பிறகு ஒரு பக்கம் மங்கலாக வந்தால் என்னிடம் வரக்கூடாது” என்றார். நியாயமான பேச்சு. கூலியைக் கேட்டபோது, அந்தத் தொகையோடு இன்னும் கொஞ்சம் போட்டால் இன்னொரு பழைய கமராவே வாங்கலாம் போலிருந்தது. திறக்காமலே திரும்பினோம்.

ஒரு தூசிப் புள்ளிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். உள்ளறையில் எடுப்பவருக்குத் தேவையில்லைதான். துவாரம் சிறிதாகச் சிறிதாகத் தூசியின் நிழல் கூர்மையாகும். வெறும் ஒரே நிறப் பரப்பில்தான் அது கண்ணில் படும். நம் ஊரின் வெளிச்சத்தில் துவாரத்தைச் சுருக்காமல் எடுக்க முடியாது, நம் ஊரின் படத்தில் பாதி வானம். சுவாமி மலையிலிருந்து கடலைப் பார்த்து எடுத்த படத்தில், எந்தப் பறவையும் இல்லாத நீலத்தில், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் ஒரு சாம்பல் புள்ளி. கணினியில் அழிக்கலாம். ஒவ்வொரு படத்திலும் உட்கார்ந்து அழிக்கிற பொறுமை எனக்கு இல்லை.

பனசோனிக் ஜிஎம்1 இங்கேதான் முந்துகிறது. அதன் லென்ஸ் கழற்றக்கூடியது. அதன் 12-32 லென்ஸும் நீளுவதுதான், அதனூடாகவும் தூசி வரத்தான் செய்யும். அதோடு லென்ஸை மாற்றும் ஒவ்வொரு முறையும் வாசலையே திறந்துவிடுகிறோம். வித்தியாசம் வந்த பின்பு என்ன செய்யலாம் என்பதில் இருக்கிறது. சென்சருக்கு முன்னால் ஒரு மெல்லிய கண்ணாடி இருக்கிறது. மிக வேகமாக அதிர்ந்து உலர்ந்த தூசியை உதிர்த்துவிடுவது அதன் வேலை. 2003இல் ஒலிம்பஸ் தன் இ-1 கமராவில் கொண்டுவந்த உத்தி இது. ஃபோர் தேர்ட்ஸ் குடும்பம் முழுவதும் தொடர்ந்தது. அதற்கும் உதிராவிட்டால் லென்ஸைக் கழற்றி, கமராவின் வாயைக் கீழே பார்க்கப் பிடித்து, கையால் அமுக்கும் ரப்பர் குமிழால் காற்றடிக்கிறேன். மின்விசிறியை முதலில் நிறுத்திவிட வேண்டும். வாயால் ஊதவே கூடாது, எச்சில் தெறித்தால் தூசியைவிடப் பெரிய தொல்லை. சென்சரில் படம் தலைகீழாக விழுவதால், படத்தின் மேற்பகுதியில் தெரியும் புள்ளி சென்சரின் கீழ்ப்பகுதியில் இருக்கும். குமிழுக்கும் அசையாதது உப்புப் படிவு. அதற்கென்று விற்கும் துடைப்பானும் திரவமும் வாங்கிவைத்திருக்கிறேன். முதல் முறை கை நடுங்கியது, பிறகு பழகிவிட்டது. எல்லாம் வீட்டு மேசையில், கால் மணித்தியாலத்துக்குள்.

பூஞ்சணமும் இதே கதைதான். மார்கழி மழையில் அலமாரிக்குள் மறந்து வைத்த லென்ஸில் வெள்ளை நூல் படர்வதை இங்கே கமரா வைத்திருக்கும் யாரும் பார்த்திருப்பார்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் மூன்று கமராவுக்கும் பொதுவான மருந்து. மருந்தையும் மீறி வந்துவிட்டால், லென்ஸ் பிணைந்த கமராவில் முழுக் கமராவும் போகிறது. கழற்றக்கூடியதில் லென்ஸ் மட்டும் போகிறது.

இனி என் கமராவின் குறைகள். ஜிஎம்1இல் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இல்லை. நண்பகலில் கடற்கரையில் திரையைப் பார்த்துச் சட்டகம் அமைப்பது பாதி ஊகம். சோனியின் மூன்றாம் மாதிரியில் மேலே எழும்பும் சிறிய வியூஃபைண்டர் உண்டு. அதை நினைத்து நான் பொறாமைப்படாத வெயில் நாள் இல்லை. ஜிஎம்1க்கு அடுத்து வந்த ஜிஎம்5இல் வியூஃபைண்டர் சேர்த்தார்கள், ஆனால் எனக்கு அது அகப்படவில்லை. ஜிஎம்1இன் பட்டரி சிறியது, வேகமாகத் தீரும், கமராவில் கம்பியைச் செருகி ஏற்ற முடியாது. தனிச் சார்ஜர் வேண்டும். சோனியை எந்தக் கைபேசிச் சார்ஜரிலும் பவர் பாங்கிலும் மாட்டி ஏற்றலாம். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டுப் பார்த்த நாட்டில் இதைச் சிறிய விஷயமாகத் தள்ள முடியாது. விற்க நினைத்தாலும் சோனிக்குத்தான் ஆள் வரும். ஜிஎம்1 என்று விளம்பரம் போட்டால் முதலில் அது என்ன என்று விளக்க வேண்டும்.

ரிக்கோவைக் கடன் வாங்கிச் சில நாட்கள் மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன், ஆகவே அதைப் பற்றிக் குறைவாகவே பேச வேண்டும். கையில் பிடித்ததும் விட மனம் வராத கமரா. 28 மில்லிமீற்றர் கோணம் ஒன்றே, ஸூம் கிடையாது. ஃபோகஸ் தூரத்தை முன்கூட்டியே நிறுத்திவைத்து அமுக்கினால் உடனே எடுக்கும். மீன் சந்தையில் அதைப்போல வசதியானது வேறில்லை. ஆனால் கோட்டைக்குள் மேயும் மான்களை நெருங்காமல் எடுக்க அது உதவாது. சென்சரில் தூசி சேர்வதைப் பற்றிய புலம்பல் இந்த வரிசைக்கு ஏற்கெனவே அதிகம். அடுத்த தலைமுறையான ஜிஆர் 3இல் தூசி உதிர்க்கும் அதிர்வைச் சேர்த்திருக்கிறார்கள். அதன் விலை இந்தப் பேச்சுக்கு வெளியே.

‘பனசோனிக் எல்எக்ஸ்100 ஏன் இல்லை?’ என்று கேட்பவர்களுக்கு: ஃபோர் தேர்ட்ஸ் சென்சர், எஃப் 1.7இல் தொடங்கும் லென்ஸ், உள்ளமைந்த வியூஃபைண்டர் என்று எல்லாம் சேர்ந்த அழகான பொருள்தான். 393 கிராம் எடை, பைக்குள் புடைத்து நிற்கும், லென்ஸ் கழறாது. சோனி ஏ5100 மாதிரியான சிறு ஏபிஎஸ்-சி உடல்களில் சென்சரை நாமே துடைக்கலாம் என்ற வசதி இருக்கிறது, படமும் நன்றாக வரும். லென்ஸ்கள்தான் ஜிஎம்1க்கு உள்ளவற்றைவிடப் பருமன்.

நகரத்தில் அலுவலகமும் வீடும் கோயில் திருவிழாவுமாக இருப்பவர், கடற்கரைக்கு எப்போதாவது போகிறவர், சோனியை எடுக்கலாம். கரையில் மணல் பறக்கும்போது அதை இயக்காமல் பைக்குள் வைத்திருந்தால் பல காலம் வரும். ஊரே கரையோரமாக இருந்து, கமராவைத் தினமும் வெளியே எடுப்பவருக்கு நான் ஜிஎம்1ஐத்தான் சொல்வேன்.

எதை வாங்கினாலும் காசு கொடுக்கும் முன் ஒரு சோதனை. துவாரத்தைக் கமரா அனுமதிக்கும் மட்டும் சுருக்குங்கள். சோனியில் எஃப் 11, ரிக்கோவில் எஃப் 16. ஃபோகஸைக் குலைத்து வெள்ளைச் சுவரையோ வெறும் வானத்தையோ எடுங்கள். படத்தைத் திரையில் பெரிதாக்கி மூலை மூலையாக நகர்த்திப் பாருங்கள். சோனியிலோ ரிக்கோவிலோ புள்ளி தெரிந்தால் விலையைப் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். ஜிஎம்1இல் தெரிந்தால் அதைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். 12-32 லென்ஸின் முன் வளையத்தையும் விரலால் இலேசாக இழுத்துப் பாருங்கள். பசை விட்டுக் கழன்று வருவது அந்த லென்ஸுக்கு வழக்கம்.