டெக்சஸ் கிராமக் கவுன்டியில் வேக டிக்கெட்: எங்கே தேடுவது, எப்படி முடிப்பது

டாலஸிலிருந்து ஹூஸ்டனுக்கு ஐ-45 நெடுஞ்சாலையில் போனால் நவாரோ, ஃப்ரீஸ்டோன், லியோன், மேடிசன் எனச் சிறிய கவுன்டிகள் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகள்) வரிசையாக வரும். அங்கே வேக வரம்பைத் தாண்டி டிக்கெட் (அபராதச் சீட்டு) வாங்கினால் வழக்கு உங்கள் ஊர் கோர்ட்டுக்கு வராது. பிடிபட்ட இடத்துக்குரிய கோர்ட்டில்தான் நடக்கும். டிக்கெட் தாள் கையில் இருந்தால் கோர்ட்டின் பெயரும், எந்தத் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். தாள் தொலைந்தவர்களும், பழைய டிக்கெட் ஒன்று நிலுவையில் இருப்பதை லைசென்ஸ் புதுப்பிக்கும்போது அறிந்தவர்களும்தான் தேடித் திண்டாடுகிறார்கள்.

தேடும் முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: டிக்கெட் எழுதியது யார்? மாநில டிபிஎஸ் (பொதுப் பாதுகாப்புத் துறை) ட்ரூப்பரோ, கவுன்டி போலீஸான ஷெரிஃப் டெபுட்டியோ எழுதியிருந்தால் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் கோர்ட், அதாவது சிறு வழக்குகளைப் பார்க்கும் ஜேபி கோர்ட். நகரப் போலீஸ் எழுதியிருந்தால் அந்த ஊரின் முனிசிபல் கோர்ட். ஒரு கவுன்டியில் ஒன்று முதல் எட்டு ஜேபி பிரிவுகள் வரை இருக்கலாம். ஒன்றின் கோப்பு அடுத்ததில் இருக்காது. பலரும் கவுன்டி கிளார்க்கை அழைத்து, “உங்கள் பெயரில் ஒன்றும் இல்லை” என்ற பதிலைக் கேட்டு நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். அவர் பார்ப்பது வேறு கோர்ட்டுகளின் பதிவுகள். வேக டிக்கெட் அவரிடம் இருக்கவே இருக்காது.

தேடும் வழிகள்

முதல் இடம் தொலைபேசிக்குத்தான். கிராமப்புற ஜேபி கோர்ட்டில் ஓரிரு கிளார்க்குகளே இருப்பார்கள். ஆனால் கோப்பை நேரில் பார்த்துச் சொல்லக்கூடியவர்களும் அவர்களே. லைசென்ஸ் எண், பிறந்த தேதி, பிடிபட்ட நாள், சாலை ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். வழக்கு எண், கடைசித் தேதி, வாரன்ட் உண்டா, டிஃபென்சிவ் டிரைவிங்குக்கு (வழக்கைத் தள்ளுபடியாக்கும் பாதுகாப்பான ஓட்டுதல் வகுப்பு) எவ்வளவு கட்ட வேண்டும், எந்த வடிவில் பணம் வாங்குவார்கள் என்று ஐந்தையும் ஒரே அழைப்பில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று மட்டும் கேட்காதீர்கள். சட்ட ஆலோசனை சொல்ல அவர்களுக்கு அனுமதி இல்லை.

கவுன்டியின் இணையதளம் வசதிதான், ஆனால் சிறிய கவுன்டிகளில் நம்பகமானதல்ல. சிலவற்றில் பணம் கட்டும் பக்கம் மட்டுமே இருக்கும், தேடல் இருக்காது. டிக்கெட் கோர்ட்டுக்கு வந்து, கணினியில் ஏறிய பிறகுதான் எதுவும் தெரியும். பிடிபட்ட நாலாம் நாள் தேடிப் பார்த்துக் காணவில்லை என்றால் டிக்கெட் செல்லாமல் போய்விட்டது என்று அர்த்தமில்லை. இந்த வகை வழக்கைப் பதிவு செய்யச் சட்டம் இரண்டு ஆண்டு அவகாசம் தருகிறது.

நம் பெயர்களும் இடைஞ்சல் செய்யும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் உள்ளவர்களுக்கு அமெரிக்க ஆவணங்களில் முதற்பெயர் இடத்தில் ‘எஃப்என்யூ’ (முதற்பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று வந்திருக்கும். அப்பா பெயர் கடைசிப் பெயராகவும் முன்னெழுத்து நடுப்பெயராகவும் ஏறியிருக்கும். ஒரே பெயரை இரண்டு மூன்று விதமாக மாற்றித் தேடுங்கள்; முடிந்தால் பெயரை விட்டுவிட்டு லைசென்ஸ் எண்ணால் தேடுங்கள்.

டிபிஎஸ் தரும் ஓட்டுநர் பதிவேடு வேறு ரகம். தீர்ப்பான குற்றங்கள்தான் அதில் இருக்கும். நிலுவையில் உள்ள டிக்கெட்டை அதில் தேடினால் சுத்தமான தாள்தான் கிடைக்கும். நிலுவையால் லைசென்ஸ் புதுப்பித்தல் தடைபட்டிருந்தால், ஆம்னிபேஸ் என்ற தனியார் நிறுவனம் நடத்தும், ஆஜராகாதவர்களுக்கான டெக்சஸ் ஃபெய்லியர் டு அப்பியர் தளத்தில் பார்க்க வேண்டும். எந்தக் கோர்ட் தடை போட்டது என்பது அதில் வரும். பழைய டிக்கெட் எந்தக் கவுன்டியில் என்றே நினைவில்லாதவர்களுக்கு அதைவிடக் குறுக்கு வழி இல்லை. பணம் வாங்கிக்கொண்டு “போக்குவரத்துப் பதிவு” தேடித் தரும் தனியார் தளங்களை விட்டுவிடுங்கள். கிளார்க் சொல்வதைத் தாண்டி அவர்களிடம் எதுவும் இல்லை.

முடிக்கும் வழிகள்

இணையத்தில் பணத்தைக் கட்டிவிடுவது ஐந்து நிமிட வேலை. அதனால்தான் பெரும்பாலோர் அதைச் செய்கிறார்கள், எங்கள் கணிப்பில் அதுதான் பெரிய தவறு. பணம் கட்டுவது என்றால் ‘நோ கான்டெஸ்ட்’ (குற்றச்சாட்டை எதிர்க்கவில்லை) என்று சொல்லி விசாரணை உரிமையையும் விட்டுக்கொடுத்ததாகப் பொருள். குற்றத்தீர்ப்பு டிபிஎஸ் பதிவேட்டில் ஏறும், காப்பீட்டு நிறுவனம் அதைப் பார்க்கும். டெக்சஸில் ஒவ்வொரு தீர்ப்புக்கும் புள்ளி சேர்க்கும் பாயின்ட் முறையும் அதற்கான கூடுதல் கட்டணமும் 2019 செப்டம்பர் 1 அன்று ஒழிந்துவிட்டன, உண்மைதான். ஆனால் 12 மாதத்தில் நான்கு, அல்லது 24 மாதத்தில் ஏழு தீர்ப்புகள் சேர்ந்தால் லைசென்ஸே நிறுத்தப்படலாம்.

டிஃபென்சிவ் டிரைவிங் வழியில் ஆறு மணி நேர வகுப்பை முடித்தால் வழக்கு தள்ளுபடி. தகுதி இருந்தால் நீதிபதி மறுக்க முடியாது. இதன் பலமே அதுதான். தகுதிகளைக் கவனமாகப் பாருங்கள். டெக்சஸ் லைசென்ஸ் வேண்டும் (ராணுவத்தினருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் விலக்கு உண்டு). காப்பீடு வேண்டும். முந்தைய 12 மாதத்தில் இதே சலுகையை வாங்கியிருக்கக் கூடாது. வேகம் வரம்பைவிட 25 மைல் கூடியிருக்கக் கூடாது, 95 மைலைத் தொட்டிருக்கவும் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனை ஐ-45இல் பலரைக் கவிழ்க்கிறது: 75 மைல் வரம்பில் 94 என்றால் தகுதி உண்டு, 95 என்றால் இல்லை, வரம்பைத் தாண்டியது வெறும் 20 மைல்தான் என்றாலும். தொழிலாளர்கள் இருக்கும் கட்டுமானப் பகுதியில் பிடிபட்டாலும், பள்ளிப் பேருந்தைத் தாண்டியிருந்தாலும் கிடைக்காது. அண்மையில் வேறு மாநிலத்திலிருந்து வந்து லைசென்ஸை மாற்றாதவர்களுக்கும், இந்திய லைசென்ஸில் ஓட்டுபவர்களுக்கும் இந்தக் கதவு மூடியே இருக்கும்.

செலவு பொதுவாக 144 டாலர், பள்ளிப் பகுதியில் 169. வகுப்புக் கட்டணம் தனி. டிக்கெட்டில் உள்ள தேதிக்குள் கோரிக்கை கோர்ட்டுக்குப் போக வேண்டும். அஞ்சலில் என்றால் சான்றளித்த தபாலில் அனுப்புங்கள். பிறகு 90 நாள் அவகாசம். அதற்குள் டிடிஎல்ஆர் (மாநில உரிமத் துறை) அங்கீகரித்த வகுப்பின் சான்றிதழில் கோர்ட்டுக்கான பிரதி, டிபிஎஸ்ஸிடமிருந்து வாங்கும் ‘டைப் 3ஏ’ ஓட்டுநர் பதிவேடு, உறுதிமொழித் தாள் மூன்றும் போய்ச் சேர வேண்டும். தடுக்கி விழுவது பெரும்பாலும் நடு ஆவணத்தில். டைப் 3 வாங்கி அனுப்புவார்கள். இந்த இரண்டில் டிபிஎஸ் சான்றளித்தது 3ஏ மட்டுமே. இணையத்தில் வாங்க லைசென்ஸ் அட்டையில் உள்ள ஆடிட் எண்ணும் சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களும் கேட்கும். சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத எச்-4 விசா மனைவி, கணவர்கள் டிஆர்-1 என்ற பதிவேடு கோரும் படிவத்தைத் தபாலில் அனுப்ப வேண்டும். அதற்கு வாரங்கள் ஆகும் என்பதால் வகுப்புக்கு முன்பே அனுப்பிவிடுவது நல்லது.

டிஃபர்டு டிஸ்போசிஷன், அதாவது தீர்ப்பைத் தள்ளிவைப்பது, முழுக்க நீதிபதியின் விருப்பம். அதிகபட்சம் 180 நாள் கண்காணிப்பு. அதற்குள் இன்னொரு டிக்கெட் வாங்காமல் இருந்தால் வழக்கு தள்ளுபடி, டிபிஎஸ்ஸுக்குத் தகவலும் போகாது. செலவு சற்று அதிகம், ஏனென்றால் கோர்ட் கட்டணத்தோடு அபராதத்துக்கு இணையான தொகையும் கேட்கலாம். 25 வயதுக்குக் கீழே என்றால் வகுப்பும் சேர்ந்து வரும். பிறமாநில லைசென்ஸ்காரர்களும், 95 மைல்காரர்களும், ஆண்டுக்குள் வகுப்பு முடித்தவர்களும் கேட்கக்கூடிய வழி இது. இரண்டுக்கும் தகுதி இருந்தால் எங்கள் தேர்வு வகுப்புதான்: வகுப்பு முடிந்தால் கதை முடிந்தது, ஆறு மாதம் பயந்து ஓட்ட வேண்டியதில்லை. அடிக்கடி நெடுஞ்சாலையில் போகிறவர் இதை இன்னும் கவனிக்க வேண்டும், ஏனென்றால் கண்காணிப்புக் காலத்தில் வரும் இரண்டாவது டிக்கெட் முதலாவதையும் தீர்ப்பாக்கிவிடும். சிடிஎல் (வணிக வாகன லைசென்ஸ்) வைத்திருக்கும் லாரி ஓட்டுநர்களுக்கு இரண்டும் கிடையாது, சொந்தக் காரில் பிடிபட்டிருந்தாலும். அவர்களுக்கு வக்கீல் செலவு வீண் இல்லை.

வாதாடுவது நான்காவது வழி. குற்றமற்றவர் என்று சொல்லிவிட்டு, நீதிபதி முன்போ ஆறு பேர் ஜூரி முன்போ விசாரணை கேட்கலாம். ஜேபி நீதிபதி வக்கீலாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தோற்றால் 10 நாளுக்குள் அபராதமும் செலவும் சேர்ந்த தொகையைப் போல இரு மடங்கு பாண்ட் (பிணைத்தொகை) கட்டி மேல்முறையீடு செய்தால் கவுன்டி கோர்ட்டில் வழக்கு முதலிலிருந்து நடக்கும். இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டிப்போய் வர வேண்டும் என்பதால், வேக அளவீட்டில் உண்மையான கோளாறு இல்லாதபோது இதைத் தேர்ந்தெடுப்பதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை.

காப்பீட்டு அட்டை காட்டாத டிக்கெட்டுக்கு மேற்கண்ட எதுவும் தேவையில்லை. அன்று காப்பீடு அமலில் இருந்தது என்ற ஆதாரத்தைக் காட்டினால் தள்ளுபடி. காலாவதியான வண்டிப் பதிவை 20 வேலை நாளுக்குள் புதுப்பித்துக் காட்டினால் நீதிபதி 20 டாலருக்குள் முடித்துவிடலாம்.

தேதி தாண்டிவிட்டால்

ஆஜராகாதவர்மீது வாரன்ட் பிறப்பிக்கும் முன் கோர்ட் தொலைபேசியிலோ தபாலிலோ தகவல் தந்து, 30 நாளுக்குள் ஒரு தேதி கொடுத்தாக வேண்டும். பலரும் பழைய முகவரியோடு இருப்பதால் அந்தக் கடிதம் கைக்கே வருவதில்லை. வாரன்ட் இருந்தாலும், கைதாகும் முன் தானாக ஆஜராகித் தீர்க்க முனைந்தால் நீதிபதி அதைத் திரும்பப் பெற வேண்டும் என்பது சட்டம். வசதி இல்லாதவர்கள் தவணையோ சமூகச் சேவையோ கேட்கலாம். எட்டு மணி நேரச் சேவைக்குக் குறைந்தது 100 டாலர் கழியும். லைசென்ஸ் தடைக்கான 10 டாலரும் இந்தக் கட்டத்தில் சேரும்.

எந்த வழியில் முடித்தாலும் வழக்கு முடிந்ததற்கான தாளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குடியுரிமைக்கான என்-400 படிவம் டிக்கெட்டுகளைப் பற்றியும் கேட்கிறது. கைது இல்லாமல் 500 டாலருக்குக் குறைந்த அபராதத்தோடு முடிந்த, மதுவோ போதைப்பொருளோ சம்பந்தமில்லாத போக்குவரத்து வழக்குக்கு ஆவணம் அனுப்பத் தேவையில்லை. ஆனால் கேள்விக்கு மறைக்காமல் பதில் சொல்ல அந்தத் தாளில் உள்ள தேதியும் வழக்கு எண்ணும் வேண்டும்.