குரூப் 2 ஆட்சியியல் ஆன்லைன் வகுப்பு: எம்.எல்.ஏ. சம்பளம் வந்த பக்கத்தில் நின்றுவிட்டேன்

தமிழ்நாடு அரசுப் பணிக்கான குரூப் 2 தேர்வுக்காக இந்திய ஆட்சியியலுக்கு மட்டும் தனியாக ஓர் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்து ஆறு மாதம் படித்தேன். கட்டணம் 2,400 ரூபாய். வீடியோ பாடங்கள், இரண்டு அச்சுப் புத்தகங்கள், பன்னிரண்டு மாதிரித் தேர்வுகள் தருகிறார்கள். பயிற்சி மையத்தின் பெயரை எழுதப்போவதில்லை. நான் சொல்லவரும் பெரிய குறை, தோழிகளிடம் வாங்கிப் பார்த்த வேறு இரண்டு மெட்டீரியல்களிலும் அப்படியே இருந்தது. ஒருவரை மட்டும் பிடித்து இழுப்பது நியாயமாகாது.

நான் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இளநிலை உதவியாளர். மாதாமாதம் ஆசிரியர்களுக்கும் அலுவலகத்துக்கும் சம்பளப் பட்டியல் தயார்செய்து கருவூலத்துக்கு அனுப்புவது என் வேலை. அதனால் சம்பளம் பற்றிய பாடம் வந்தால், மற்றவர்கள் புரட்டிவிட்டுப் போகும் பக்கத்தில் நான் நின்றுவிடுவேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வீடியோ ஒவ்வொன்றும் இருபது நிமிடம்தான். பள்ளிக்குப் போகும் பஸ்ஸில் ஒன்று, திரும்பும்போது ஒன்று என்று பார்த்துவிடலாம். அடிப்படை உரிமைகள் எடுத்த ஆசிரியை அருமை. உரிமையைக் காக்க நீதிமன்றம் பிறப்பிக்கும் ஐந்து நீதிப்பேராணைகளையும் (ரிட்) அவர் சொல்லிக்கொடுத்த பிறகு நான் ஒருமுறைகூடக் குழப்பிக்கொண்டதில்லை. உள்ளாட்சிப் பாடமும் நன்றாக இருந்தது. அச்சுப் புத்தகம் சுமார்தான். எழுத்து பொடி, இரண்டாம் மாதமே முதுகு விட்டுப்போய் நூல் போட்டுத் தைத்தேன்.

இனி அந்தப் பக்கம். இரண்டாவது புத்தகத்தில் மாநிலச் சட்டமன்றம் என்ற பாடத்தின் நடுவே ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள். "எம்.எல்.ஏ. சம்பளம்: ரூ.1,05,000. தொகுதி நிதி: ரூ.2.5 கோடி. ஓய்வூதியம்: ரூ.20,000. காண்க: இரண்டாவது அட்டவணை." அவ்வளவுதான். வீடியோவிலும் இதை வாசித்துவிட்டு, "நம்பர மட்டும் மனப்பாடம் பண்ணிக்கோங்க" என்று அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார்கள்.

நான்கு துணுக்குகள். அதில் கடைசி தப்பு. அரசமைப்பின் இரண்டாவது அட்டவணையில் குடியரசுத் தலைவர், ஆளுநர்கள், அவைத் தலைவர்கள், உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நீதிபதிகள், தலைமைக் கணக்குத் தணிக்கையர் இவர்களுக்குத்தான் ஊதியம் பேசப்படுகிறது. சட்டமன்ற சபாநாயகர் அதில் வருவார், சாதாரண எம்.எல்.ஏ. வரமாட்டார். எம்.எல்.ஏ.வுக்கு உரிய பிரிவு 195. அது எந்தத் தொகையையும் சொல்வதில்லை. அந்தந்த மாநிலச் சட்டமன்றம் அவ்வப்போது சட்டம் இயற்றித் தீர்மானிக்கும் சம்பளமும் படிகளும் உறுப்பினர்களுக்கு உண்டு என்கிறது. அப்படி ஒரு சட்டம் வரும்வரை, அரசமைப்பு நடைமுறைக்கு வருமுன் மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு என்ன கொடுத்தார்களோ அதுவே தொடரும் என்றும் சொல்கிறது. நம் மாநிலத்தில் அந்தச் சட்டம் 1951-லேயே வந்துவிட்டது. சம்பளம் வழங்குவதற்கான அந்த 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தித் திருத்தித்தான் இன்றுவரை தொகை ஏறிவந்திருக்கிறது. 195 என்ற எண்ணும் 1951 என்ற ஆண்டும் இந்தப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. மூன்று தடவை தேடினேன்.

அடுத்தது அந்த 1,05,000. பில் போடுகிறவள் என்ற முறையில் இதை என்னால் விடமுடியவில்லை. எங்கள் அலுவலகத்தில் யாராவது அடிப்படை ஊதியத்தையும் படிகளையும் ஒரே வரியில் எழுதி அனுப்பினால் பில் திரும்பி வந்துவிடும். 2017-இல் உயர்த்தப்பட்ட அந்தத் தொகையைப் பிரித்தால் சம்பளம் 30,000, ஈட்டுப்படி 10,000, தொலைபேசிப்படி 7,500, தொகுதிப்படி 25,000, அஞ்சல்படி 2,500, தொகுப்புப்படி 5,000, வாகனப்படி 25,000. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். அதற்கு முன்பு மொத்தம் 55,000. அதில் சம்பளம் என்ற இனம் வெறும் 8,000. மிச்சமெல்லாம் படிகள்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். மொத்தத் தொகை இரண்டு மடங்கை எட்டவில்லை. சம்பளம் என்ற இனம் மட்டும் கிட்டத்தட்ட நான்கு மடங்கு ஆகியிருக்கிறது. வாகனப்படி 20,000-லிருந்து 25,000 ஆனது, அவ்வளவுதான் நகர்ந்தது. தொகுதிப்படி 10,000-லிருந்து 25,000-க்குத் தாவியது. எது ஊதியம், எது செலவுக்குக் கொடுப்பது, எதை எவ்வளவு ஏற்றினார்கள் என்று பார்த்தால்தான் ஒரு முடிவின் உள்ளடக்கம் தெரியும். இதைச் சொல்லித்தர ஐந்து நிமிடம் போதும்.

தொகுதி நிதியைச் சம்பளத்தோடு ஒரே கட்டத்தில் போட்டது எனக்குக் கோபத்தையே உண்டாக்கியது. அந்தப் பணம் சாலைக்கும் பள்ளிக் கட்டடத்துக்கும் உறுப்பினர் பரிந்துரைக்கும் நிதி. அவர் கைக்குப் போவதில்லை. தொகையும் பழசு, பின்னர் 3 கோடி ஆகிவிட்டது. ஊரில் பாதிப்பேர் அதை எம்.எல்.ஏ.வின் வருமானம் என்றே நினைத்துக்கொண்டிருக்கும்போது தேர்வுப் புத்தகமும் அப்படிக் கட்டம் கட்டலாமா?

எங்கள் பள்ளி உதவியாளர் சாரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டினேன். ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது அவருக்கு. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்துவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, நமக்கு டி.ஏ. ஏறணும்னா நிதித்துறை ஜி.ஓ. ஒண்ணு வந்தாப் போதும். அவங்களுக்கு அப்படி இல்ல. சட்டசபையில மசோதா கொண்டு வரணும், ஓட்டெடுப்பு நடக்கணும், கவர்னர் கையெழுத்துப் போடணும். அதத்தானம்மா முதல்ல எழுதியிருக்கணும்?"

ஆமாம், அதைத்தான். எனக்கு அகவிலைப்படி ஜனவரியிலும் ஜூலையிலும் கணக்கிடப்படுகிறது. என் ஊதிய நிலை 19,500-இல் தொடங்குகிறது, ஆண்டுக்கு ஒரு ஊதிய உயர்வு. இதில் எதையும் நான் முடிவுசெய்வதில்லை. எம்.எல்.ஏ.க்களுக்கு ஆண்டுதோறும் ஏறும் ஏற்பாடு கிடையாது. பல வருடம் அப்படியே கிடக்கும், பிறகு ஒரே நாளில் தாவும். அந்தத் தாவலுக்கு ஓட்டுப் போடுகிறவர்களும் அதைப் பெறுகிறவர்களும் ஒரே ஆட்கள்.

2017-இல் நடந்ததையே எடுத்துக்கொள்ளலாம். ஜூலை 19 அன்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி பேரவையில் அறிவித்தார். மசோதா வந்தது 2018 ஜனவரியில். பயனோ 2017 ஜூலை 1 முதல். மசோதா வந்த வாரம் போக்குவரத்துத் தொழிலாளர்கள் ஊதியத்துக்காக வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மு.க. ஸ்டாலின், இந்த உயர்வைத் தி.மு.க. உறுப்பினர்கள் வாங்கமாட்டார்கள் என்றார். அந்த வாரம் நான் பஸ் கிடைக்காமல் ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போனது நன்றாக நினைவிருக்கிறது. அறிவிப்பு, மசோதா, எதிர்ப்பு, முன்தேதி என்று முழு நடைமுறையும் அந்த ஒரு சம்பவத்தில் இருக்கிறது. பாடமாக எடுக்க இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

வேறு வழிகளும் இருக்கின்றன. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு 2018-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் மூலம் சம்பளத்தை ஒரு லட்சமாக்கி, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பணவீக்கக் குறியீட்டின்படி தானாக ஏறும்படி செய்துவிட்டார்கள். வருமான வரியில் மூலதன ஆதாயம், அதாவது சொத்து விற்ற லாபம், கணக்கிடும் அதே குறியீடு. அதன்படி 2025 மார்ச்சில் 1,24,000 என்று அறிவிக்கை வந்தது, 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு. பக்கத்திலுள்ள கர்நாடகத்தில் அதே மார்ச்சில் சட்டமன்றமே மசோதா போட்டு எம்.எல்.ஏ. சம்பளத்தை 40,000-லிருந்து 80,000 ஆக்கிக்கொண்டது. ஒரே மாதத்தில் இரண்டு வழிகளும் கண்ணெதிரே நடந்தன. நான் படித்த புத்தகம் அதற்குப் பிறகு அச்சானது. ஒரு வரி இல்லை.

என் கருத்தைக் கேட்டால், எம்.எல்.ஏ.க்களுக்கு நல்ல சம்பளம் கொடுக்கத்தான் வேண்டும். வேறு வருமானம் இல்லாத ஓர் அங்கன்வாடிப் பணியாளரின் மகள் தேர்தலில் நின்று ஜெயித்தால், அவள் யாரிடமும் கைநீட்டாமல் ஐந்து வருடம் வேலை பார்க்க வேண்டும். ஆனால் தொகையை அவர்களே தீர்மானிக்கக் கூடாது. குறியீட்டோடு கட்டிவிடுவதிலும் எனக்கு முழு நிறைவு இல்லை. விவாதமே இல்லாமல் ஏறும், பத்திரிகையில் ஒரு நாள் வரும், போய்விடும். வெளியாட்கள் கொண்ட ஒரு குழு பரிந்துரைத்து, அது அவையில் பேசப்பட்டு, வரும் உயர்வு அடுத்த பேரவைக்கே பொருந்தும் என்று இருந்தால் ஒத்துக்கொள்வேன். மெயின் தேர்வில் இப்படி ஒரு கேள்வி வந்தால் எழுதுவதற்கு என்னிடம் இப்போது பதில் இருக்கிறது. அதை நான் இந்த வகுப்பில் பெறவில்லை.

ஏழாவது மாதிரித் தேர்வில் "எம்.எல்.ஏ. சம்பளம் எந்த அட்டவணையில் உள்ளது?" என்று கேட்டு, இரண்டாவது அட்டவணைதான் விடை என்று போட்டிருந்தார்கள். பிரிவு 195-ஐப் படமெடுத்துச் சந்தேகக் குழுவில் அனுப்பினேன். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது: "இது முக்கியமான டாபிக் இல்ல மேடம், ஸ்கிப் பண்ணிடுங்க." மதிப்பெண்ணையும் திருத்தவில்லை. அந்த ஒரு மதிப்பெண் எனக்குப் பெரிதில்லை. அதே விடையை எத்தனை பேர் மனப்பாடம் செய்திருப்பார்கள் என்பதுதான் உறுத்துகிறது. நாளைக்கு இவர்கள்தானே அலுவலகங்களில் வந்து உட்காரப்போகிறார்கள்.

அடிப்படை உரிமைகளுக்கும் உள்ளாட்சிக்கும் தாராளமாகச் சேரலாம். நாடாளுமன்றம், மாநிலச் சட்டமன்றம் இரண்டையும் அரசமைப்புச் சட்டத்தின் தமிழ்ப் பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே படியுங்கள். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன். அதில் இரண்டு அந்த ஆசிரியைக்கு.

புத்தகங்கள் இப்போது என் சித்தி மகளிடம் இருக்கின்றன. அந்தக் கட்டத்தை அடித்துவிட்டு, ஓரத்தில் 195, 1951, கீழே ஏழு இனங்களையும் தொகையோடு பென்சிலால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.