உசிக்கை உண்மையிலேயே திணறடித்தவன் யார்?

மலையகத்துத் தலவாக்கலை டவுனில் நான் முடிவெட்டப் போகும் சலூனில் இரண்டே கதிரை. எதில் உட்கார்ந்தாலும் குத்துச்சண்டையில் ஃபியூரியா உசிக்கா பெரிய ஆள் என்று பதில் சொல்லிவிட்டுத்தான் எழும்ப முடியும். கடைக்கார அண்ணன் டைசன் ஃபியூரி கட்சி. பிடரியில் சவரக்கத்தியை வைத்துக்கொண்டு கேட்பார்: "தம்பி, நெஞ்சத் தொட்டுச் சொல்லு, மொத சண்டையில ஃபியூரிதானே ஜெயிச்சாரு?" கத்தி அங்கே இருக்கும்போது எதிர்த்துப் பேசுகிறவன் மடையன். அதனால் அங்கே தலையாட்டிவிட்டு வந்து இங்கே எழுதுகிறேன்.

உக்ரேன்காரர் ஒலெக்சாண்டர் உசிக்கை யார் தோற்கடித்தது என்று கேட்க வழியே இல்லை. தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு வந்து டுபுவாவை இரண்டாம் முறை வீழ்த்திய 2025 ஜூலை வரை 24 சண்டை, 24 வெற்றி. யார் அந்த மனுஷனைத் திணற வைத்தார்கள் என்று மட்டும்தான் கேட்கலாம். சலூனில் மூன்று பெயர் ஓடும்: ஜோஷுவா, டுபுவா, ஃபியூரி. நான் சொல்லும் நாலாவது பெயரை அங்கே யாருக்கும் தெரியாது.

அந்தோனி ஜோஷுவாவை முதலில் எடுத்துக்கொள்வோம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இரண்டு பேருக்குமே தங்கம். உசிக்குக்கு ஹெவிவெயிட் எடைப் பிரிவில், ஜோஷுவாவுக்கு அதற்கும் மேலான சூப்பர் ஹெவிவெயிட்டில். 2021 செப்டம்பரில் டொட்டன்ஹாம் மைதானத்தில் சந்தித்தபோது ஜோஷுவா எட்டுக் கிலோவுக்கு மேல் கூடுதல் எடை. அந்தப் பலத்தைப் பயன்படுத்தாமல், தள்ளி நின்று நுட்பமாக ஆடப் பார்த்தார். நுட்பத்தில் உசிக்கிடம் போட்டியா? புள்ளி போடும் மூன்று நடுவர்களும் உசிக்குக்கே கொடுத்தார்கள். கடைசி ரவுண்டு முடியும்போது ஜோஷுவா கயிற்றோடு ஒட்டிக்கிடந்தார்.

உசிக்கின் கையைப் பார்க்கிறவர்களுக்கு அந்தச் சண்டை விளங்காது. காலைப் பார்க்க வேண்டும். வலக்கைக்காரன் இடது காலை முன்னே வைப்பான். உசிக் இடக்கைக்காரன், வலது கால் முன்னே. இரண்டு முன்கால்களும் முட்டிக்கொள்ளும். யார் தன் காலை மற்றவன் காலுக்கு வெளிப்பக்கம் வைக்கிறானோ, அவனுடைய பின்கைக்கு நேர்வழி திறந்துவிடும். இதைச் சித்தப்பா மகனுக்குக் காட்ட எங்கள் லயத்து வரிசைவீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் அவனை நிறுத்தி, மெதுவாக என் காலை வெளியே வைத்தேன். அவனுடைய பாட்டாச் செருப்பு வாரை மிதித்துவிட்டேன். அவன் குனிந்து பார்த்தான். என் இடது கை அவன் மூக்குக்கு முன்னால் நின்றது. "ஐயோ, இதுதானா?" என்றான். இதேதான். உசிக் இதை ஒரு ரவுண்டில் எத்தனை தடவை செய்வார் என்று எண்ணிப் பாருங்கள், கை வலிக்காது, கண் வலிக்கும். சரிவில் தேயிலைக் கொழுந்து எடுக்கும் என் அம்மாவுக்கும் இதே பழக்கம்தான்: கால் பதிந்த பிறகுதான் கை செடிக்குப் போகும்.

2022 ஆகஸ்டில் ஜெத்தாவில் நடந்த இரண்டாவது சண்டையில் ஜோஷுவா நிறையத் திருந்தியிருந்தார். வயிற்றுக்கும் விலாவுக்கும் அடித்தார், ஒன்பதாவது ரவுண்டு அவருடையதே. ஒரு நடுவர் 115-113 என்று அவருக்கே கொடுத்தார் (ரவுண்டை வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9 என்று பன்னிரண்டு ரவுண்டையும் கூட்டினால் வரும் கணக்கு). ஆனால் பத்தாவது ரவுண்டில் உசிக் திருப்பிக் கொடுத்த அடிகளைப் பார்த்த பிறகு, மற்ற இரண்டு நடுவர்களும் சொன்னதுதான் சரி என்று படுகிறது. உடம்பில் அடித்தால் உசிக்குக்குப் பிடிக்காது என்பதை ஜோஷுவா அன்று காட்டிக்கொடுத்தார். முழுசாய்ப் பயன்படுத்தத் துணியவில்லை.

டேனியல் டுபுவா பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2023 ஆகஸ்டில் போலந்தின் வ்ரோட்ஸ்வாஃப் நகரில், ஐந்தாவது ரவுண்டில் அவர் அடித்த ஒரு வலக்கைக் குத்தில் உசிக் சுருண்டு விழுந்தார். இடுப்புக்குக் கீழே பட்டது என்று மேடையில் நின்ற நடுவர் முடிவு செய்து உசிக்குக்கு நேரம் கொடுத்தார். சரியான அடிதான், அங்கேயே சண்டை முடிந்திருக்க வேண்டும் என்று சித்தப்பா மகன் இன்றைக்கும் சண்டைக்கு வருவான். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கையுறையில் பாதி பெல்ட்டில், பாதி அதற்குக் கீழே என்றுதான் என் கண்ணுக்குத் தெரிகிறது. உசிக் காற்சட்டையை மேலே ஏற்றிக் கட்டியிருந்தார் என்பதும் உண்மை. எப்படியோ, ஒன்பதாவது ரவுண்டில் டுபுவாவின் கணக்கு முடிந்தது. நடுவில் அவர் ஜோஷுவாவை ஐந்து ரவுண்டில் சாய்த்துப் பெயர் எடுத்தாலும், 2025 ஜூலை 19 வெம்ப்ளியில் அதே ஐந்தாவது ரவுண்டில் உசிக்கிடம் இரண்டு தரம் தரையில் விழுந்தார். ஒரு குத்தை வைத்து ஒருவரைப் பெரிய சவால் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

இனி அண்ணனின் ஆள்.

2024 மே 18 ரியாத் சண்டை எங்களுக்கு ஞாயிறு விடியக்காலை. காம்பராவுக்குள் சிக்னல் நிற்காது. போர்வையைப் போர்த்திக்கொண்டு பனியில் மேட்டு லயத்துப் படிக்கட்டில் உட்கார்ந்துதான் பார்த்தோம். ஃபியூரி 206 சென்டிமீட்டர் உயரம், உசிக்கைவிட 15 சென்டிமீட்டர் அதிகம். முதல் இரண்டு மூன்று ரவுண்டு உசிக் முன்னே போனார். நாலிலிருந்து ஏழு வரை ஃபியூரி விளையாடினார் என்றே சொல்ல வேண்டும். உசிக் குனிந்து உள்ளே வரும் ஒவ்வொரு தடவையும் கீழேயிருந்து வலது அப்பர்கட் காத்திருந்தது. ஆறாவது ரவுண்டில் ஒன்று சரியாகப் பட்டது. எங்கள் படிக்கட்டில் பேச்சு நின்றுபோனது. ஃபியூரி கைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு கோமாளித்தனம் பண்ணிக்கொண்டிருந்தார், உசிக்கின் முகத்தில் சிரிப்பு இல்லை.

எட்டில் திரும்பியது. ஒன்பதில் இடது கை ஒன்று விழுந்ததும் ஃபியூரியின் கால்கள் பின்னிக்கொண்டன. ஒரு பக்கத்துக் கயிற்றிலிருந்து மறுபக்கத்துக் கயிற்றுக்கு ஆடிக்கொண்டே போனார், பின்னால் உசிக். மூலையில் நடுவர் குறுக்கே புகுந்து எண்ணத் தொடங்கினார். அவர் விழவில்லையே, எப்படி எண்ணலாம் என்பது அண்ணனின் நிரந்தர வாதம். கயிறு தாங்காவிட்டால் விழுந்திருப்பான் என்றால் அது விழுந்த கணக்குதான், விதி அப்படி.

அந்த எண்ணிக்கை எவ்வளவு பெரியது என்று பலர் யோசிப்பதில்லை. முடிவுப் புள்ளிகள்: ஒரு நடுவர் 115-112 உசிக், ஒருவர் 114-113 உசிக், ஒருவர் 114-113 ஃபியூரி. ஒன்பதாவது ரவுண்டில் எண்ணப்பட்டதற்காக ஃபியூரி இழந்த அந்த ஒரு கூடுதல் புள்ளியைத் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். இரண்டாவது நடுவரின் அட்டை 114-114 ஆகிவிடும். ஒருவர் உசிக், ஒருவர் ஃபியூரி, ஒருவர் சமம், சண்டையே சமநிலை. முன்னாள் சாம்பியன் லெனொக்ஸ் லூயிஸ் காலத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஹெவிவெயிட்டின் எல்லாப் பட்டமும் ஒரே ஆளிடம் சேர்ந்தது அந்தச் சில வினாடிகளால்தான். இது அண்ணனுக்கு நான் விட்டுக்கொடுக்கும் இடம். உசிக்குக்கு உண்மையில் வலித்த சண்டை எது என்று கேட்டால், இதுதான்.

ஆனால் டிசம்பர் 21-ஐ மறக்கக்கூடாது. இரண்டாவது சண்டைக்கு ஃபியூரி 127 கிலோவில் வந்தார், உசிக் 102-ஐ ஒட்டி. 25 கிலோ வித்தியாசம்! தோட்டத்தில் ஒரு நாள் பேருக்கு 18, 20 கிலோ கொழுந்து கேட்கும்போதே பெண்களுக்கு இடுப்பு ஒடிகிறது. அதைவிட அதிகச் சுமையை எதிராளி தோளில் சாத்துகிறான். பாரம் கூடினால் உசிக் நசுங்கியிருக்க வேண்டும் இல்லையா? மூன்று அட்டையிலும் 116-112 உசிக். அட்டைகள் கொஞ்சம் தாராளம், எனக்கு 115-113. இருந்தாலும் எடை கூடிய ஃபியூரி முன்னைவிடத் தெளிவாகத் தோற்றார். உயரமும் எடையும்தான் உசிக்குக்கு வைத்தியம் என்ற கதை எனக்கு அன்றோடு முடிந்தது.

அப்படியானால் வைத்தியம் எது? அதற்கு 2018-க்குப் போக வேண்டும். தொழில்முறையில் ஹெவிவெயிட்டுக்கு வரும் முன்னால் உசிக் அதற்குக் கீழ்ப் பிரிவான க்ரூஸர்வெயிட்டில் இருந்தார், 90.7 கிலோ வரம்பு. ஜனவரி 27, லாத்வியாவின் ரீகா. எதிரே உள்ளூர்க்காரன் மைரிஸ் பிரீடிஸ், அதுவரை தோல்வியே பார்க்காதவன், கையில் ஒரு உலகப் பட்டம். ஆள் உயரமும் கிடையாது, உசிக்கைவிடக் குள்ளம். ஆனால் காத்திருக்கவில்லை. உசிக் காலை வெளியே வைக்கப் போகும்போதெல்லாம் அந்த இடத்தில் ஏற்கனவே பிரீடிஸின் கால் இருந்தது. உசிக்கின் முன்கை நேர்குத்தான ஜாப் வரும்போதே அதன் மேலாக வலது கை. கிட்ட வந்தால் விலாவில் ஒன்று, பிறகு கட்டிப்பிடித்து உலுக்கல். அழகே இல்லாத சண்டை, ஆனால் உசிக்குக்குப் பிடித்த இடைவெளி ஒரு ரவுண்டிலும் சும்மா கிடைக்கவில்லை. இரண்டு அட்டை 115-113 உசிக், ஒன்று 114-114. யாரும் விழவில்லை, யாருக்கும் எண்ணவில்லை. சுத்தமான புள்ளிக் கணக்கில் இவ்வளவு நெருங்கி வந்தவன் இவன்.

அதே வருஷம் ஜூலையில் மொஸ்கோவில் முராட் கஸியேவ். பிரீடிஸைவிடப் பலமான குத்து. ஆனால் நின்ற இடத்தில் நின்று ஒரு பெரிய அடிக்காகக் காத்திருந்தார். ஒரு நடுவர் 120-108 எழுதினார், பன்னிரண்டு ரவுண்டில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. குத்து பலமாக இருப்பதும் உசிக்கைத் திணறடிப்பதும் வேறு வேறு சங்கதி என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. 2020-இல் டெரக் சிசோரா, நுட்பம் குறைந்த ஆள், வெறுமனே முன்னே முன்னே நெருக்கியே இரண்டு அட்டையில் 115-113 வரை வந்துவிட்டார். ஃபியூரியும் நல்லாக ஆடிய அந்த நாலு ரவுண்டில் உசிக்கின் நடையைத்தான் நிறுத்தினார். உயரம் அதற்கு ஒத்தாசை, அவ்வளவே.

என் வரிசை: பிரீடிஸ், ஒரு விரல்கடை தள்ளி முதல் சண்டை ஃபியூரி, பிறகு ஜெத்தா ஜோஷுவா, அதற்குக் கீழே சிசோரா, கடைசியில் டுபுவா. டுபுவாவைக் கடைசியில் வைத்ததற்குச் சித்தப்பா மகன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

போன கிழமை துணிந்து சலூனில் இதைச் சொன்னேன், முடிவெட்டி முடித்து, துண்டை உதறி, காசு கொடுத்த பிறகு. "யாரு அந்த பிரீடிஸ்?" என்றார் அண்ணன். ஃபோனில் சண்டையைப் போட்டுக் கொடுத்தேன். கதிரையில் ஒருத்தர் பாதி மீசையோடு காத்திருக்க, கத்தியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றபடி பார்த்தார். ஏழாவது ரவுண்டில் என் டேட்டா தீர்ந்தது.

"மிச்சத்த நாளைக்கு வந்து காட்டு," என்றார், மீசைக்காரரிடம் திரும்பிக்கொண்டே. "அதுவரைக்கும் ஃபியூரிதான்."