புல்ஸ் பழைய மேட்ச் பாக்கணும்னா 95-96ஆ, 97-98ஆ?

1995-96, 1997-98 ரெண்டு சீசன்லயும் அமெரிக்க பாஸ்கெட்பால் லீக் NBAல சிகாகோ புல்ஸ்தான் சாம்பியன், நேரம் கம்மியா இருக்கறவங்க எதை எடுக்கறதுன்னு முழிக்கறாங்க.

ரெக்கார்டு: 95-96ல 72 ஜெயிச்சு 10 தோல்வி, சொந்த ஊர்ல ரெண்டே ரெண்டு தோல்விதான். 97-98ல 62-20, டீமோட முக்கிய பிளேயர் பிப்பனுக்கு கால்ல ஆபரேஷன், பாதி சீசன் நெருக்கி ஆளே இல்ல.

பிளேஆஃப் (லீக் மேட்ச் முடிஞ்சப்புறம் கோப்பைக்காக ஒரே டீமோட பல மேட்ச் ஆடற சுற்றுகள்): முன்னது 15-3, சும்மா ஊதித் தள்ளிட்டாங்க. பின்னதுல இந்தியானா ஏழாவது மேட்ச் வரைக்கும் இழுத்துடுச்சு.

ஃபைனல்: முன்னதுல சியாட்டில், பின்னதுல யூட்டா, ரெண்டும் 4-2தான். ஆனா யூட்டாவோட ஆறாவது மேட்ச் இருக்கே, புல்ஸோட மைக்கேல் ஜோர்டன் மட்டும் 45 பாயின்ட், கடைசில யூட்டா பிளேயர் மலோன் கையிலேர்ந்து பந்தைத் தட்டிப் பறிச்சிட்டு வந்து 5.2 செகண்ட் இருக்கறப்ப போட்டாரு பாருங்க, 87-86, யப்பா!

டீம் ஆட்டம் கத்துக்கணும்னா 95-96, நகத்தைக் கடிச்சிட்டு பாக்கணும்னா 97-98. என் ஓட்டு ரெண்டாவதுக்குத்தான்.