வீட்டைப் பூட்டிவிட்டு வெளிநாடு செல்வோர் கவனத்துக்கு: வெள்ளவத்தையில் எங்களுக்கு நடந்தது

பிள்ளைகளிடம் சில மாதங்கள் தங்கிவர வெளிநாடு புறப்படும் கொழும்புக் குடும்பங்களிடம், “நீங்கள் வரும்வரை வீட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று பணம் வாங்கும் ஒரு நிறுவனத்தால் நாங்கள் ஏமாற்றப்பட்டோம். விடயம் இப்போது மத்தியஸ்த சபையின் முன் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அவர்கள் செய்த வேலையின் முறையையும், செய்யாத வேலைக்குப் பணம் வாங்கிய முறையையும் எழுதாமல் இருப்பது சரியல்ல. எங்கள் ஒழுங்கையிலேயே இன்னும் இரண்டு குடும்பங்கள் அதே ஆட்களுடன் பேசிக்கொண்டிருப்பதை அறிந்த பிறகே இதை எழுத முடிவு செய்தேன்.

எங்கள் வீடு காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையில் இருக்கிறது. மகளின் பிரசவத்துக்காக நானும் என் கணவரும் மே மாத நடுவில் ரொறன்ரோ சென்று செப்டெம்பர் இறுதியில் திரும்பினோம். கொழும்பில் தென்மேல் பருவமழை பெய்யும் காலம் முழுவதும் வீடு பூட்டிக் கிடக்கப் போகிறது என்பதும், கடற்காற்று நேரே முகத்தில் அடிக்கும் வீடொன்றுக்கு அது எவ்வளவு கடுமையான காலம் என்பதும் தெரிந்ததாலேயே, உறவினர் ஒருவரிடம் சாவியை மட்டும் கொடுத்துவிட்டுப் போகாமல் பணம் கொடுத்து ஒரு நிறுவனத்தை ஒழுங்கு செய்தோம். வீட்டை மூடுவதற்கான ஆயத்த வேலைக்கு 45,000 ரூபாவும், கிழமைக்கு ஒருமுறை வந்து பார்ப்பதற்கு மாதம் 30,000 ரூபாவும் பேசி, மொட்டை மாடியில் தண்ணீர் தேங்காமல் பார்ப்பது, எல்லாக் குளியலறைகளிலும் குழாயைத் திறந்து ஓடவிட்டுக் கொமட்டுக்குத் தண்ணீர் அடிப்பது, சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் விடுவது, பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் விடுவது எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்தும் வாங்கினோம். பொறுப்பாளராக வந்த தம்பி மிகவும் பணிவாகப் பேசினார். “நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்காதேங்கோ அன்ரி, எங்கட வீடு மாதிரிப் பார்ப்பம்” என்று சாவியை வாங்கும்போது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

ஒவ்வொரு சனிக்கிழமையும் வட்ஸ்அப்பில் படங்கள் வந்தன. விறாந்தை, சமையலறை, படுக்கையறைகள், மொட்டை மாடி என்று ஒழுங்கு தவறாமல் வந்ததால் முதலில் எங்களுக்கு எந்தக் குறையும் தோன்றவில்லை. சந்தேகம் ஓகஸ்ட் மாதத்தில்தான் வந்தது. வரவேற்பறைப் படங்களில் பின்னால் பல்கனி தெரியும்; அங்கே தொட்டியில் ஒரு செவ்வரத்தை நிற்கிறது. அன்று வந்த படத்தில் இரண்டு பூக்கள் விரிந்திருந்தன; ஒன்று கம்பிக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தது, மற்றதன் ஓர் இதழ் ஓரத்தில் கிழிந்திருந்தது. பழைய படங்களைத் திரும்பப் பார்த்தபோது ஜூன் மாதப் படத்திலும் அதே இரண்டு பூக்கள், அதே கிழிந்த இதழ். ஜூலையிலும் அவ்வாறே. செவ்வரத்தை காலையில் விரிந்து, பெரும்பாலும் அன்று மாலையே சுருங்கிவிடும் பூ என்பது அதை வீட்டில் வளர்க்கும் எவருக்கும் தெரியும். திரைச்சீலையை ஒருமுறை திறந்தும் ஒருமுறை மூடியும், விளக்கைப் போட்டும் அணைத்தும், ஒரே நாளில் ஏராளமான படங்களை எடுத்து வைத்துக்கொண்டு கிழமைக்குக் கொஞ்சமாக அனுப்பியிருக்கிறார்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பப்படும் படத்தில் அது எடுக்கப்பட்ட திகதி முதலிய விபரங்கள் நீங்கிவிடுகின்றன. அதே படத்தை ஆவணமாக இணைத்து அனுப்பினால் அவை அப்படியே இருக்கும். ஆவணமாக அனுப்பும்படி நான் கேட்ட நாளிலிருந்து, அலைபேசி பழுது என்றும் வேலைக்கு வந்தவர் புதியவர் என்றும் காரணங்கள் வந்தனவே தவிர, படங்கள் வரவில்லை.

அதே நாட்களில் பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒழுங்கையிலுள்ள வீடுகளைப் பார்த்துக்கொண்டு வந்ததாகவும், தங்கள் மாடியிலிருந்து பார்த்தபோது எங்கள் மொட்டை மாடியில் தண்ணீர் குளம்போல் நின்றதாகவும், அதில் நுளம்புக் குடம்பிகள் இருந்ததாகவும், கேற்றில் அறிவித்தல் ஒட்டப்பட்டிருப்பதாகவும் சொன்னார். மழைநீர் இறங்கும் குழாயின் வாயை மாமரத்து இலைகள் அடைத்திருந்தன. ஒருவர் குனிந்து கையால் அள்ளியிருந்தால் தீர்ந்துபோகும் விடயம். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து முழு நுளம்பாக வளர ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாட்கள் போதும் என்பதாலேயே கிழமைக்கு ஒருமுறை என்று ஒப்பந்தத்தில் எழுதுவித்திருந்தோம். 2017ஆம் ஆண்டில் இந்த நாட்டில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவாகி, 400க்கு மேற்பட்டோர் உயிரிழந்ததைக் கொழும்பில் வாழும் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். நுளம்பு பெருகுவதைத் தடுப்பதற்கான 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, தன் வளவில் தண்ணீர் தேங்காமல் பார்க்கும் பொறுப்பு அதன் உரிமையாளருக்கோ அதில் குடியிருப்பவருக்கோ உரியது. பராமரிப்பு நிறுவனத்துக்குப் பணம் கட்டியிருக்கிறோம் என்ற காரணத்தால் வீட்டுக்காரரின் பொறுப்பு இல்லாமற் போவதில்லை. அந்த அக்காவின் பேரனுக்கு அந்த மாதம் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் இருந்தான். அவனைக் கடித்த நுளம்பு எங்கள் மாடியில் பிறந்ததா என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனாலும் அந்தப் பிள்ளை நலமாக வீடு திரும்பினான் என்று கேட்கும்வரை எனக்கு நித்திரை இல்லை. பணம் போனதைவிட இதுவே எனக்கு அதிகம் வலித்தது.

அறிவித்தலைப் பற்றி நிறுவனத்துக்குச் சொன்னபோது, மாடியைச் சுத்தம் செய்ததாக உடனே பதில் வந்தது. கூடவே அதற்கென்று தனியாக ஒரு பில்லும் வந்தது. உண்மையில் தன் மகனை ஏணி வைத்து ஏறச் சொல்லி இலைகளை அள்ளுவித்தவர் பக்கத்து வீட்டு அக்காதான்.

திரும்பி வந்து கதவைத் திறந்தபோது முதலில் வந்தது வாடை. குளியலறை நிலத்து வடிகானிலும் கொமட்டிலும் வளைந்த பகுதியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். கழிவுக் குழாயின் வாடையையும் கரப்பான்களையும் வீட்டுக்குள் வரவிடாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். கிழமைக்கு ஒருமுறை ஊற்றாவிட்டால் சில கிழமைகளில் அது வற்றிவிடும். மூன்று குளியலறைகளிலும் வற்றியிருந்தது. கீழ்க் குளியலறையின் கதவைத் திறந்தவுடன் கரப்பான்கள் சிதறி ஓடின.

படுக்கையறைகளில் நடந்திருந்தது இன்னும் வருத்தத்துக்குரியது, ஏனென்றால் அது கவனக்குறைவு மட்டுமன்றித் தொழில் தெரியாமையும் ஆகும். தூசி படாமல் இருக்க என்று மெத்தைகளையும் அலுமாரிகளையும் தடித்த பொலித்தீனால் சுற்றி, காற்று வரும் துவாரங்களையெல்லாம் டேப் ஒட்டி அடைத்திருந்தார்கள். உலர்ந்த ஊரில் அது பொருந்தக்கூடும். கடலோரக் கொழும்பின் ஈரக் காற்றில் பொலித்தீனுக்குள் அகப்பட்ட ஈரம் வெளியேற வழியில்லாமல் அங்கேயே நின்று பூஞ்சணமாக மாறிவிடும். மெத்தையின் அடிப்பக்கம் முழுவதும் கரும்புள்ளிகள். அலுமாரியில் இருந்த என் கூறைச் சேலையின் மடிப்பு ஒவ்வொன்றிலும் வெள்ளையாகப் பூத்திருந்தது; சரிகை கறுத்துவிட்டது. குளிர்சாதனப் பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தியவர்கள் கதவை இறுக மூடிவிட்டுப் போயிருந்ததால் அதன் உட்புறமும் பச்சையாகிவிட்டது. பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டையும் வெறுமையாக்கவில்லை. நுளம்பு முட்டையிடும் இடங்களில் அந்தத் தட்டும் ஒன்று என்பது இங்கே பலருக்குத் தெரியாது. இவையெல்லாம் ஆயத்த வேலை என்ற பெயரில் 45,000 ரூபா வாங்கிக்கொண்டு செய்யப்பட்டவை.

இனி ஆதாரங்களைச் சொல்கிறேன், ஏனென்றால் வாய்ப்பேச்சில் அவர்களை வெல்ல முடியாது. புறப்பட்ட நாளில் என் கணவர் தண்ணீர் மீற்றரைப் படம் எடுத்து வைத்திருந்தார். மீற்றரில் கறுப்பு இலக்கங்கள் யூனிற்றைக் காட்டும். ஒரு யூனிற் என்பது 1,000 லீற்றர். அதற்குக் குறைந்த அளவுகளைச் சிவப்பு இலக்கங்கள் காட்டும். நாங்கள் திரும்பிய நாளில் பார்த்தபோது கறுப்பு இலக்கங்கள் மட்டுமல்ல, சிவப்பு இலக்கங்களும் அசையாமல் அப்படியே நின்றன. மூன்று குளியலறைகளில் கிழமைதோறும் குழாய் திறந்து, கொமட்டுக்குத் தண்ணீர் அடித்து, செடிகளுக்கும் ஊற்றியிருந்தால், மேல் டாங்கி நிரம்புவதற்காவது மீற்றர் ஓடியிருக்க வேண்டும். போதாததற்கு, டாங்கியை வெறுமையாக்கிக் கழுவி மீண்டும் நிரப்பியதாக ஜூலையில் ஒரு பில் அனுப்பியிருந்தார்கள். 1,000 லீற்றர் டாங்கியை மீற்றர் அசையாமல் நிரப்புவது எப்படி என்று மத்தியஸ்தர்கள் கேட்டபோது அவர்களிடம் பதில் இல்லை.

இன்னொரு பில் ட்ரிப் சுவிட்சுக்கானது. ஜூலையில் மின்னல் அடித்து ட்ரிப் சுவிட்ச் எரிந்துவிட்டதாகவும் புதிதாக மாற்றியதாகவும் சொல்லிப் பணம் கேட்டார்கள், நாங்களும் அனுப்பினோம். கொழும்பில் இடிமின்னல் அதிகமாக இருப்பது மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும்தான். தென்மேல் பருவமழை பெரும்பாலும் காற்றோடு வரும் மழை. வந்து பெட்டியைத் திறந்து பார்த்தால் பழைய சுவிட்சே இருந்தது. அதன் மேல் காலஞ்சென்ற என் மாமனார் பிளாஸ்டர் துண்டொன்றில் நீல மையால் எழுதி ஒட்டிய “மேல் வீடு” என்ற எழுத்து மங்கிப்போய், ஓரங்களில் பல வருடத் தூசியுடன் அப்படியே இருந்தது.

வீட்டைப் பூட்டிவிட்டுப் புறப்படவிருப்போருக்கு நான் சொல்வது இதுதான்: ஆயத்த வேலையை நீங்கள் புறப்பட்ட பிறகு செய்வதாகச் சொல்லும் எவருக்கும் முற்பணம் கொடுக்காதீர்கள். இரண்டு நாள் முன்னதாகவே உங்கள் கண்முன் செய்விக்கச் சொல்லுங்கள். காற்றுத் துவாரங்களை அடைக்க விடாமல் நுளம்பு வலை மட்டும் போடச் சொல்லுங்கள். மெத்தைக்கும் கதிரைகளுக்கும் பருத்தி விரிப்புப் போதும். அலுமாரிக் கதவு கொஞ்சம் திறந்திருக்கட்டும். குளிர்சாதனப் பெட்டியின் கதவுக்கு இடையில் ஒரு துணியை மடித்து வையுங்கள். வடிகான்களிலும் கொமட்டிலும் நிற்கும் தண்ணீரின் மேல் கொஞ்சம் சமையல் எண்ணெய் ஊற்றிவிட்டால் அது வற்றுவது தாமதமாகும். காஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றிவிடுங்கள். மாடியின் குழாய் வாய்க்கும் பீலிகளுக்கும் இலை தடுக்கும் கம்பிவலை போடுவதற்கு ஆகும் செலவு, எங்களுக்கு வந்த நட்டத்தின் முன் ஒன்றுமே இல்லை.

வந்து பார்ப்பதற்கான பணத்தை மாத முடிவில், மீற்றர் வாசிப்பைப் பார்த்த பிறகே கொடுங்கள். படத்தை நம்ப வேண்டாம். வீட்டுக்குள் நின்றபடியே வீடியோ அழைப்பு எடுக்கச் சொல்லி, குழாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், மாடியில் ஏறிக் காட்டச் சொல்லுங்கள். நேர்மையாக வேலை செய்பவருக்கு அது ஐந்து நிமிட வேலை. அதற்கு மறுப்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். எந்த நிறுவனத்தை ஒழுங்கு செய்தாலும் அயலவர் ஒருவரிடமும் ஒரு சாவி இருக்கட்டும், எப்போது வேண்டுமானாலும் அவர் உள்ளே போகலாம் என்பதை ஒப்பந்தத்திலும் எழுதுங்கள். எங்களைக் காப்பாற்றியவர் பணம் வாங்கியவர் அல்ல, பக்கத்து வீட்டு அக்கா.

இப்படி ஏற்கெனவே ஏமாந்தவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். மத்தியஸ்த சபைக்குச் சட்டத்தரணி தேவையில்லை. ஒப்பந்தம், பில்கள், பணம் அனுப்பிய சான்று, மீற்றர்ப் படங்கள் ஆகியவற்றை ஒழுங்காக அடுக்கி நீங்களே கொண்டுபோகலாம். எங்கள் விடயத்தில் டாங்கி, ட்ரிப் சுவிட்ச், மாடி ஆகியவற்றுக்கான பில் பணத்தைத் திருப்பித் தர அவர்கள் இணங்கியிருக்கிறார்கள். மாதக் கட்டணத்தைத் தர மறுப்பதால் நாங்கள் இன்னும் கையெழுத்திடவில்லை. அடுத்த தவணைக்குப் பக்கத்து வீட்டு அக்காவும் சாட்சி சொல்ல வருகிறார்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பகுதிகளில் இதே மாதிரியான சேவைக்குச் சாவி கொடுத்துவிட்டு இப்போது வெளிநாட்டில் இருப்பவர்கள், இன்றே யாராவது ஒருவரை அனுப்பி மொட்டை மாடியைப் பார்க்கச் சொல்லுங்கள். திரும்பி வந்தவர்கள் பூட்டுகளை மாற்றிவிடுங்கள். நாங்கள் கொடுத்த மூன்று சாவிகளில் எங்களுக்குத் திரும்பி வந்தவை இரண்டு மட்டுமே.