சூடாக்கும் புகையிலைக் குச்சி: கருவியை விடுங்கள், குச்சியைப் பிரித்துப் பாருங்கள்

எரிக்காமல் சூடாக்கும் புகையிலைக் கருவிகளுக்கு எழுதப்படும் விமர்சனங்கள் பெரும்பாலும் பேட்டரி எத்தனை குச்சிக்குத் தாங்கும், எவ்வளவு சீக்கிரம் சூடேறும் என்பதோடு முடிந்துவிடுகின்றன. ஆவி எவ்வளவு வரும், கடைசி இழுப்பில் தீய்ந்த வாடை அடிக்குமா, உதடு சுடுமா என்பதில் குச்சிக்குள் இருக்கும் பொருளுக்குத்தான் பெரும் பங்கு. அதனால் இங்கே மதிப்பெண் குச்சிக்கு. ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: எரியவில்லை என்பதால் இது தீங்கற்றது ஆகிவிடாது. நிகோடின் இருக்கிறது, அது அடிமைப்படுத்தும். கார்பன் மோனாக்சைடு போன்றவை வெகுவாகக் குறைகின்றன. எல்லா நச்சும் போய்விடுவதில்லை. அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020 ஜூலையில் ஐகாஸ் என்ற சூடாக்கும் கருவிக்குக் கொடுத்த அனுமதிகூட, நச்சுகளுக்கு ஆட்படுவது குறைகிறது என்று சொல்லிக்கொள்ளத்தான். நோய் அபாயம் குறைவு என்று சொல்ல அனுமதி கிடைக்கவில்லை.

சூடாகும் தகடு ஒன்று குச்சிக்குள் இறங்கும் பிளேடு வகைக் கருவிக்கான 45 மி.மீ. குச்சியை நீளவாக்கில் கீறினால் நான்கு துண்டுகள்: 12 மி.மீ. புகையிலை, 8 மி.மீ. உள்ளீடற்ற அசிடேட் குழாய், ஆவியைக் குளிர்விக்க 18 மி.மீ. சுருக்கிச் செருகிய பாலிலாக்டிக் அமிலத் தாள் (ஒரு வகை பிளாஸ்டிக்), வாய்ப் பக்கம் 7 மி.மீ. ஃபில்டர். புகையிலைத் துண்டில் நறுக்கிய இலை கிடையாது. மெல்லிய பழுப்புத் தாளை நெளித்து, மடித்து, நெருக்கி வைத்திருக்கிறார்கள். பயன்படுத்திய குச்சியைப் பிரித்தால் பிளேடு இறங்கிய கீறலை ஒட்டி ஒரு கருப்பு விளிம்பு, அதைத் தள்ளி அடர்பழுப்பு, காகிதத்தை ஒட்டிய ஓரத்தில் கிட்டத்தட்ட பழைய நிறமே இருக்கும். நடுவில் தீய்ந்து ஓரத்தில் வேகாமல் கிடக்கிறது. இந்த வகையின் மொத்தச் சிக்கலும் அந்த மூன்று நிறத்தில் தெரிந்துவிடும்.

அந்தத் தாளைச் செய்வதுதான் வித்தை. புகையிலையைப் பொடியாக அரைத்து, தண்ணீர், கிளிசரின், குவார் கம் போன்ற பசை, கொஞ்சம் செல்லுலோஸ் நார் சேர்த்துக் கூழாக்கி, எஃகுப் பட்டையில் மெல்லிய படலமாக ஊற்றி, காயவைத்து உரிக்கிறார்கள். ஆவியில் கண்ணுக்குத் தெரியும் வெண்மை முக்கியமாகக் கிளிசரினிலிருந்து வருகிறது. காப்புரிமைகளில் உலர் எடையில் 5 முதல் 30 சதவீதம் வரை என்று அகலமாக எழுதிவைப்பார்கள், ஆனால் நடைமுறையில் இரு முனையிலும் நிற்க முடியாது. குறைந்தால் பாதி இழுப்புக்கு மேல் வெறும் சூடான காற்றுதான். கூடினால் தாள் பிசுபிசுத்து உருளையில் ஒட்டும், நெளிக்கும்போது கிழியும், காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பசை குறைந்தால் பொடி உதிர்ந்து ஹீட்டரில் படியும். அதிகமானால் பசையே தீய்ந்து அதன் வாடை மேலே வரும். நார் அளவை ஏற்றினால் தாள் உறுதியாகும், கூடவே சூடான காகித வாடையும் சேர்ந்துகொள்ளும்.

இத்தனையையும் கட்டிப்போடுவது வெப்பநிலை. கிளிசரின் கொதிநிலை 290 டிகிரி செல்சியஸ், நிகோடினுக்கு 247. இரண்டுமே கொதிநிலைக்கு வெகு கீழேயே ஓரளவு ஆவியாகும். செல்லுலோஸ் 300 டிகிரியை நெருங்கினால் சிதையத் தொடங்குகிறது. ஆவி வர வேண்டும், இலை சிதையக் கூடாது. நடுவில் கிடைக்கும் இடம் குறுகலானது. பிளேடு உச்சபட்சம் 350 டிகிரி வரை போவதால், அதைத் தொடும் தாள் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. கருப்பு விளிம்பு வருவது அதனால்தான்.

அந்த பிளேடு பீங்கான் தகடு, மேலே பிளாட்டினம் தடம். சூடேற ஏற பிளாட்டினத்தின் மின்தடை கூடும் என்பதால் ஹீட்டரே வெப்பமானியாகவும் வேலை செய்கிறது. நல்ல யோசனை. ஆனால் அது அளப்பது தன் சூட்டை, புகையிலையின் சூட்டை அல்ல. பொடியும் கிளிசரினும் தகட்டில் கரியாகப் படிந்தால் அந்தப் படிவம் வெப்பத்தைத் தடுக்கும். தாளுக்குச் சூடு குறையும், பழைய கரி ஒவ்வொரு முறையும் மறுபடி தீயும். ஆவி குறைந்து கசப்பு கூடினால் பேட்டரியைச் சந்தேகிப்பதற்கு முன் தகட்டைப் பாருங்கள். குச்சியைத் திருகி எடுத்தால் பீங்கான் உடையும்.

வெளியிலிருந்து சூடாக்கும் வகையில், குளோ என்ற கருவியின் முதல் தலைமுறை போல, சுமார் 240 டிகிரிதான். கரிவது குறைவு, சுத்தம் செய்வதும் எளிது. ஆனால் சூடு காகிதத்தைக் கடந்து நடுவுக்குப் போக வேண்டும். குச்சியின் ஆரம் இரட்டித்தால் சூடு நடுவை எட்டும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்கு. மெலிந்த குச்சியாக இருந்தால்தான் இந்த வகை சரிப்பட்டு வரும்.

இப்போதைக்கு எங்கள் தேர்வு, மாறும் காந்தப்புலத்தால் உலோகத்தைச் சூடாக்கும் தூண்டல் வகை. 2021-ல் ஜப்பானில் வெளிவந்த ஐகாஸ் இலுமா இதற்கு உதாரணம்: உலோகப் பட்டை குச்சிக்குள்ளேயே இருக்கிறது, வெளியே காந்தச் சுருள். முன்முனை அடைக்கப்பட்டிருப்பதால் பொடி உதிர்வதில்லை, சுரண்ட வேண்டிய தகடும் இல்லை. பட்டையின் வெப்பத்தை அறியக் காப்புரிமைகளில் அழகான வழி ஒன்று இருக்கிறது: நிக்கல் சுமார் 355 டிகிரியில் காந்தத்தன்மையை இழக்கும். அப்படிப்பட்ட உலோகத்தைப் பட்டையோடு சேர்த்தால், அந்தப் புள்ளியில் சுருளில் தெரியும் மின்மாற்றமே அடையாளமாகிவிடும். குறை என்னவென்றால், பட்டை நடுவிலிருந்து சற்று விலகி அமர்ந்தாலும் ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் வீணாகும். கூர்மையான உலோகம் உள்ளே இருப்பதால் இந்த வகைக் குச்சியை மட்டும் பிரித்துப் போடக் கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டவே கூடாது.

குளிர்விக்கும் பகுதி எங்களுக்குத் திருப்தி தரவில்லை. பாலிலாக்டிக் அமிலம் சுமார் 60 டிகிரியில் இளகும். நெளித்த தாளாக வைத்தால் பரப்பும் அதிகம், வெப்பத்தை நன்றாக வாங்கிக்கொள்ளும். ஆனால் சூடு மிஞ்சினால் சுருங்கி உருகுகிறது. பயன்படுத்திய குச்சிகளில் இந்தத் தாள் உருகியிருந்ததையும், அதிலிருந்து ஃபார்மால்டிஹைட் சயனோஹைட்ரின் என்ற நச்சு வெளிவந்ததையும் 2018-ல் வெளியான ஓர் ஆய்வு பதிவுசெய்தது. உள்ளே இழுக்கும் பாதையில் இப்படி ஒரு பொருளை வைக்கவே கூடாது என்பது எங்கள் கருத்து. உள்ளீடற்ற குழாயை நீட்டி, சுவரில் துளையிட்டு வெளிக்காற்றைக் கலப்பது நேர்மையான வழி. ஆவி சற்று மெலியும், அவ்வளவுதான். மக்கும் பிளாஸ்டிக் என்ற பேச்சையும் அப்படியே நம்ப வேண்டாம்: இது மக்குவதற்குத் தொழிற்சாலை உரக்கிடங்கின் சூடு வேண்டும், தெருவோரத்தில் கிடந்தால் நெடுநாள் கிடக்கும்.

முதல் இரண்டு இழுப்பு மட்டும் உதடு சுட்டால் காரணம் ஈரம். நீராவி குளிர்ந்து நீராகும்போது கிலோவுக்குச் சுமார் 2,260 கிலோஜூல் வெப்பத்தை விடுகிறது. அதே சூட்டில் உள்ள உலர்ந்த காற்று அந்த அளவு சுடாது. பெட்டியைத் திறந்தே வைத்தால் கிளிசரின் காற்றின் ஈரத்தை வாங்கிவிடும். பிரித்த பெட்டியை இறுக மூடி வையுங்கள். புதிதாகப் பிரித்த பெட்டியிலேயே தாள் விரலில் ஒட்டினால் கருவியை மாற்றிப் பயனில்லை, குறை அந்தத் தயாரிப்புத் தொகுதியில்தான்.