ஒரே தப்பு, நாலு டேட்டாபேஸ்: யாருடைய எரர் மெசேஜ் உருப்படி?

ஏற்கெனவே பதிவான மின்னஞ்சலைக் கொடுத்தால் "ஏதோ கோளாறு, பிறகு முயலவும்" என்று மழுப்பும் தளங்களைக் கண்டால் எரிச்சல்தான் வருகிறது, ஏனென்றால் என்ன கோளாறு என்று டேட்டாபேஸ் பெரும்பாலும் சொல்லியிருக்கும், நடுவிலிருக்கும் நிரல்தான் அதை விழுங்கிவிடுகிறது. ஆனால் எல்லா டேட்டாபேஸும் ஒரே அளவுக்கு வாய் திறப்பதில்லை. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், எஸ்கியூஎல் சர்வர், ஆரக்கிள் என்ற நாலையும் பார்ப்போம்.

முதலில் இந்த இரட்டை மின்னஞ்சலையே எடுத்துக்கொள்வோம். போஸ்ட்கிரெஸ் 23505 என்ற குறியீட்டோடு எந்த கன்ஸ்ட்ரெயின்ட் (ஒரே மதிப்பு இரண்டு முறை வரக்கூடாது என்பது போல டேபிளுக்கு வைக்கும் விதி) மீறப்பட்டது, எந்த மதிப்பு ஏற்கெனவே இருக்கிறது எல்லாம் சொல்லும். அதைவிட முக்கியம், 9.3 பதிப்பிலிருந்து டேபிள் பெயரும் கன்ஸ்ட்ரெயின்ட் பெயரும் தனித்தனிப் புலங்களாகவே கிடைக்கின்றன. மைஎஸ்கியூஎல் 1062 எரரிலும் மதிப்பு, கீ பெயர் (மீறப்பட்ட விதியின் பெயர்) இரண்டும் உண்டு, ஆனால் செய்தி வரியைப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும், 8.0.19-ல் கீ பெயருக்கு முன்னால் டேபிள் பெயரையும் சேர்த்தார்கள், பழைய வடிவத்தை நம்பிப் பிய்த்தவர்கள் பாடு திண்டாட்டம். எஸ்கியூஎல் சர்வரும் (எரர் 2627) மதிப்பைச் சொல்கிறது. ஆரக்கிள் பழைய பதிப்புகளில் ஓரா-00001 எரர் கன்ஸ்ட்ரெயின்ட் பெயரோடு நின்றுவிடும், பெயர் வைக்காமல் விட்டிருந்தால் எஸ்ஒய்எஸ்_சி என்று தொடங்கும் ஒரு எண்தான் மிஞ்சும். 23ஏஐ பதிப்பில்தான் டேபிள், நெடுவரிசை விவரங்கள் வந்தன. இந்தச் சுற்றில் போஸ்ட்கிரெஸ்தான், சந்தேகமே இல்லை.

அடுத்தது நீளம். பத்து எழுத்து இடத்தில் "கார்த்திகேயன்" என்று போடுங்கள். நம் கண்ணுக்கு ஏழு எழுத்து, ஆனால் கணினி எழுத்துமுறையான யூனிகோடில் துணைக்கால், புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படுவதால் பதின்மூன்று குறி, ஆகவே எரர். இங்கே போஸ்ட்கிரெஸ் சொதப்புகிறது: பத்துக்கு மேல் நீளம் என்று மட்டும் சொல்லும், எந்த நெடுவரிசை என்று சொல்லாது. இருபது புலம் உள்ள படிவம் என்றால் தேட வேண்டியதுதான். மைஎஸ்கியூஎல் (1406) நெடுவரிசையைச் சொல்லிவிடும், ஸ்ட்ரிக்ட் மோட் (பொருந்தாத தரவை மறுக்கும் கண்டிப்பு அமைப்பு) அணைந்திருந்தால் மட்டும் சத்தமில்லாமல் வாலை வெட்டிவிடும். எஸ்கியூஎல் சர்வரின் "ஸ்ட்ரிங் ஆர் பைனரி டேட்டா வுட் பி ட்ரங்கேட்டட்" எத்தனை பேரின் ராத்தூக்கத்தைக் கெடுத்திருக்கும்! 2019 பதிப்பில் அதற்குப் பதில் 2628 வந்தது. டேபிள், நெடுவரிசை, கூடவே "கார்த்திகே" என்று வெட்டியபின் மிஞ்சும் பகுதி வரை காட்டும். ஆனால் இதில் ஆரக்கிள் ரொம்ப காலமாகவே கில்லாடி: ஓரா-12899 நெடுவரிசையின் முழுப்பெயர், வந்த நீளம், அனுமதித்த நீளம் மூன்றையும் சொல்லும். என்ன, இயல்பாக அது பைட்டில் எண்ணும். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக "வந்தது 39, அனுமதி 10" என்று வரும். ஏழு எழுத்து டைப் செய்தவரிடம் 39 என்று காட்டினால் அவர் என்ன நினைப்பார்?

அதனால் எந்த டேட்டாபேஸாக இருந்தாலும் செய்தியை அப்படியே திரையில் கொட்டுவதற்கு நான் எதிரி. டேபிள் பெயர், அடுத்தவர் மின்னஞ்சல் எல்லாம் வெளியே போய்விடும். கன்ஸ்ட்ரெயின்ட்களுக்கு நீங்களே பெயர் வைத்து, அந்தப் பெயருக்கு நேராக உங்கள் வாக்கியத்தை எழுதுங்கள், இது போஸ்ட்கிரெஸில் ரொம்பச் சுலபம். நீளத்தை மட்டும் அனுப்பும் முன்பே நிரலில் பார்த்துவிடலாம். மின்னஞ்சலை அப்படி முன்கூட்டிப் பார்த்து மட்டும் தப்பிக்க முடியாது, ஒரே நொடியில் இரண்டு பேர் சப்மிட் அழுத்தினால் இரண்டு சோதனையும் "இல்லை" என்றுதான் சொல்லும், கடைசியில் தடுப்பது அந்த 23505-தான்.